‘டேக்’ தெரியும், ‘டேக் ஆஃப்’ தெரியுமா?



சிங்கப்பூரின் ஏதோ ஒரு பலதுறை மருந்தகம். அங்கே நடக்கக்கூடிய ஒரு காட்சியைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். எழுபது வயது மூதாட்டி ஒருவர் இரத்த அழுத்தத்திற்காக மருத்துவரைப் பார்க்க வந்திருக்கிறார். துணைக்கு வந்திருப்பவர் மருமகள். திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலம் அறியாதவர் அல்லர். கல்லூரிப் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் படித்தவர்தான். மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே, “ஐ ஆம் டேக்கிங் ஹெர் ஆஃப் திஸ் டேப்ளட் அண்ட் புட்டிங் ஹெர் ஆன் எ நியூ ஒன்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். மருமகளின் காதில் தங்கியவை மூன்று: ‘டேக்’, ‘டேப்ளட்’, ‘நியூ ஒன்’. வீட்டுக்கு வந்ததும், “அத்தை, இதையும் சாப்பிடணுமாம், புதுசா ஒண்ணும் சாப்பிடணுமாம்” என்கிறார்.

மருத்துவர் சொன்னதோ, பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும் என்பது. ‘டேக் எ டேப்ளட்’ என்றால் மாத்திரை சாப்பிடு. ‘டேக் யூ ஆஃப் எ டேப்ளட்’ என்றால் அந்த மாத்திரை இனி உங்களுக்கு வேண்டாம். ஒரே ‘டேக்’தான், பின்னால் வந்த ‘ஆஃப்’ பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. மருந்து கொடுக்கும் இடத்தில் இன்னொரு முறை விளக்குவார்கள், பெரும்பாலும் தவறு அங்கேயே திருந்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டு அலமாரியில் பழைய மாத்திரை இன்னும் பாதிப் பெட்டி இருக்கிறதே! இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றிக் கீழே விழ நேரலாம்.

இப்படி ஒரு வினைச்சொல்லும் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘டவுன்’ போன்ற ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறார்கள். தமிழில் கூட்டு வினை என்று வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக இரண்டு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருக்கும். சேர்ந்து வரும்போது விளங்காது. பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூடத் தடுமாறும் இடம் இது. அவர்கள் பாடநூலில் படித்தது ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘ரிஜெக்ட்’. பேச்சில் அவர்கள் கேட்பதோ ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘டர்ன் டவுன்’. ஒத்திப்போடுவது, பொறுத்துக்கொள்வது, வேண்டாமென்று மறுப்பது என்ற அதே மூன்று பொருள்கள்தான்.

இந்த இரட்டை வழக்குக்கு வரலாறு உண்டு. 1066ஆம் ஆண்டு நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளமாக வந்து சேர்ந்தன. அவை நீதிமன்றத்திலும் ஏட்டிலும் இடம்பிடித்தன. வீட்டிலும் வயலிலும் புழங்கிய பழைய குட்டிச் சொற்களோ தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்துகொண்டே போயின. 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இந்தக் கூட்டு வினைகள் வெளிநாட்டினருக்குப் பெருந்தொல்லை தருபவை என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே, ‘இத்தனை வருஷம் படித்தும் இது புரியவில்லையே’ என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சங்கடம் பழையது.

உள்ளபடியே பார்த்தால் தமிழர்களுக்கு இந்தச் சங்கதி புதிதும் அன்று. ‘கைகொடுத்தார்’, ‘கைவிட்டார்’, ‘கைகழுவினார்’ என்கிறோம். கைகழுவியவர் குழாயடிக்குப் போனாரா என்று யாரும் கேட்பதில்லை. ‘அவன் மேலாளரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான்’ என்கிறோம். அதில் போட்டது என்ன, கொடுத்தது என்ன? தமிழ் கற்கும் ஒரு சீனரோ மலாய்க்காரரோ அகராதியைப் புரட்டினால் அவர் விழிப்பதும் இப்படித்தான் இருக்கும். நமக்கு அது தாய்ப்பாலோடு வந்துவிட்டதால் தெரிவதில்லை.

கூட்டு வினைகளில் ஒரு குடும்பத்தை மட்டும் சற்று விரிவாகப் பார்க்கலாம். ‘பாஸ்’ குடும்பம். தேர்வில் ‘பாஸ்’ ஆவது எல்லாருக்கும் தெரியும். ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ‘பாஸ் அவே’ என்றால் இறந்துபோவது. ஒரு தாதி தொலைபேசியில் கூப்பிட்டு, “யுவர் ஃபாதர் பாஸ்ட் அவுட்” என்று சொன்னால், நினைவு தப்பியிருக்கிறது, உடனே வாருங்கள் என்று பொருள். அதை ‘பாஸ்ட் அவே’ என்று கேட்டுக்கொண்டால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்! ‘பாஸ் ஆன்’ இன்னும் சிக்கலானது. “ப்ளீஸ் பாஸ் ஆன் தி மெசேஜ்” என்றால் செய்தியை அடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். “ஹீ ஹேஸ் பாஸ்ட் ஆன்” என்றால் அவர் காலமாகிவிட்டார். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்கள், ‘2005இல் பாஸ்ட் அவுட்’ என்று சொல்வது வழக்கம். அந்த ஆண்டில் பட்டப்படிப்பை முடித்தார் என்று இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். பிரிட்டனிலும் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதை அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் வேறு நாட்டவராக இருந்தால், இவர் 2005இல் எதற்கு மயங்கி விழுந்தார் என்று யோசிக்கக்கூடும். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

நம் ஊரும் இதில் சளைத்ததன்று. சிங்கப்பூர், மலேசியப் பள்ளிகளில் ‘பாஸ் அப் யுவர் ஒர்க்’ என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள். மற்ற நாடுகளில் இதற்கு ‘ஹேண்ட் இன்’ என்பார்கள். அங்கெல்லாம் ‘பாஸ் அப்’ என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாமென்று நழுவவிடுவது! “டோன்ட் பாஸ் அப் திஸ் ஜாப்” என்று ஓர் ஆஸ்திரேலிய நண்பர் அறிவுரை சொன்னால், அந்த வேலையை விட்டுவிடாதே என்று அர்த்தம். ஒப்படைக்காதே என்று எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. உள்ளூர் வழக்கைக் குறைசொல்வதற்காக இது சொல்லப்படவில்லை. வகுப்பறையில் அது அழகாகவே வேலை செய்கிறது. அதற்கு வெளியே என்ன பொருள் என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு ஜோடி ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’. கூட்டம் ‘புட் ஆஃப்’ ஆனால் வேறொரு நாள் நடக்கும். ‘கால் ஆஃப்’ ஆனால் நடக்கவே நடக்காது. ‘லே ஆஃப்’ என்று வந்துவிட்டால் ஆட்குறைப்பு. அதை மட்டும் யாரும் விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

மீண்டும் மருத்துவரின் அறைக்கு வருவோம். உப்பைப் பற்றி அவர் “கட் டவுன்” என்றால் குறைக்கச் சொல்கிறார்; “கட் அவுட்” என்றால் அறவே விடச் சொல்கிறார். ஊறுகாய் பாட்டிலைக் குப்பையில் போடுவதா, தட்டின் ஓரத்தில் கொஞ்சமாக வைப்பதா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. “த்ரோயிங் அப்?” என்று கேட்டால் வாந்தி எடுக்கிறாரா என்று கேட்கிறார், எதையோ மேலே தூக்கி எறிவதைப் பற்றி அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பிறகு “ஷீ ஹேஸ் கம் ரவுண்ட்” என்றால் நினைவு திரும்பிவிட்டது. “தி இன்ஜெக்‌ஷன் வில் வேர் ஆஃப்” என்றால் மரத்துப்போகச் செய்த ஊசியின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அப்போது வலி தெரியலாம்.

கடைகளில் ஆயிரம் கூட்டு வினைகள் அடங்கிய புத்தகங்கள் கிடைக்கின்றன. அகர வரிசையில் மனப்பாடம் செய்யத் தொடங்கினால் ‘பி’ எழுத்தைத் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். அதைவிட, இடவாரியாகப் படிப்பது சுலபம். மருந்தகத்துக்குப் பத்து, தொலைபேசிக்குப் பத்து, பிள்ளையின் பள்ளிக்குப் பத்து. தொலைபேசியில் ‘ஹேங் ஆன்’ என்றால் காத்திருங்கள், ‘ஹேங் அப்’ என்றால் வைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டு வரிசையில் தன் முறையை இழந்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார். சொல்லை வெறுமனே எழுதி வைக்காமல், எந்த இடத்தில், யார் சொன்னது என்ற முழு வாக்கியத்தோடு எழுதிக்கொள்வது நல்லது.

பேசும்போது கவனிக்க ஒரு விதியும் உண்டு. ‘பிக் அப் தி சைல்ட்’ என்றும் சொல்லலாம், ‘பிக் தி சைல்ட் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘பிக் ஹிம் அப்’. எல்லாக் கூட்டு வினைகளும் இப்படிப் பிரியா. ‘புட் அப் வித்’ பிரியாது. பிழையாகச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்பதால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தவறாகப் பேசுவதைவிடத் தவறாகக் கேட்டுக்கொள்வதுதான் ஆபத்து. பல வீடுகளில் பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும். பாட்டியின் மாத்திரை தெரியாது. அடுத்த முறை அந்த மருமகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய மாத்திரைப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போகட்டும். மருத்துவர் சொல்லி முடித்ததும் அதை மேசைமேல் வைத்து, “திஸ் ஒன், ஸ்டாப் ஆர் கன்டினியூ?” என்று கேட்கட்டும். வரும் பதிலை அந்தப் பெட்டியின் மேலேயே தமிழில் எழுதிக்கொள்ளட்டும்.