கைநாட்டு சம்மதம் ஆகாது

சமூகப்பணியில் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

எய்ட்ஸ் ஏதோ மேலைநாட்டு நோய் என்று இங்கே நம்பியிருந்த காலம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஓர் ஆய்வில் இறங்கினார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு மயிலாப்பூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வைக்க வேறு இடமில்லாமல் மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பரிசோதனைக்காக வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு பேருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்படித்தான்.

அந்தத் துணிச்சலுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு, அது எதற்கான பரிசோதனை என்று தெரியாது. தெரிந்திருந்தாலும், பூட்டிய கதவுக்குள் இருப்பவர் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட முடியுமா? விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல் ஹெச்.ஐ.வி. பரிசோதனை கூடாது, முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும் என்று சட்டம் வர 2017 ஆயிற்று. உங்களில் சிலர் நாளை அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தில் அந்த ஆலோசகர் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்.

மற்றவர்கள் ஆய்வுக்காக ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போவீர்கள். ஊராட்சித் தலைவர் கைகாட்டிய திண்ணையில் உட்காருவீர்கள். ரேஷன் கார்டோடு ஒரு பாட்டி வருவார். “முதியோர் பென்ஷனுக்கா சாமி?” என்று கேட்டபடியே பெருவிரலை நீட்டுவார். படிவம் நிரம்பிவிடும், நெறிமுறைக் குழுவும் ஏற்றுக்கொள்ளும். அதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியாது. மைப்பெட்டியை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: “இதனால் பென்ஷன் வராது பாட்டி, பதில் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு எதுவும் நின்றுபோகாது.” அதைக் கேட்டு அவர் எழுந்து போனால், போகட்டும். உங்கள் மாதிரி எண்ணிக்கை குறையும். குறைந்தால் குறையட்டும்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் ஆய்வேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் காட்டி மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.