சிவப்புப் பள்ளியை எங்கே நின்று பார்ப்பது?



கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் சிவப்புப் பள்ளிவாசலைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். எத்தனை பேர் நின்று அண்ணாந்து பார்த்திருப்பீர்கள்? அந்தத் தெருவில் நிற்பதே பெரும்பாடு. முதுகில் மூட்டையோடு நாட்டாமை ஒருவர் வழி கேட்டபடி வருவார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிறவர். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர். ஆனால் அவர் குரல் கேட்டதும் நாம் ஒதுங்கிவிடுகிறோம். அதில் இருவருக்கும் பேதமில்லை.

ஜாமிஉல் அல்ஃபார் என்பது பள்ளியின் பெயர். சிங்களத்தில் ரத்து பள்ளிய. நம்மவர் வாயில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். சம்மான் என்றால் படகு. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகருக்குச் சம்மாங்காரர் என்று இங்கே பழைய பெயர். அவர்கள்தான் இதைக் கட்டுவித்தார்கள். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக்கலையை முறையாகப் படித்தவரல்லர். இந்தோ சரசனிக் பாணிக் கட்டடங்களைப் பற்றி வணிகர்கள் கொடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

படித்தவர் கட்டியிருந்தால் இதில் பாதியை விட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிவப்பும் வெள்ளையும் ஓரிடத்தில் கிடைக்கோடாக ஓடுகின்றன, ஓரிடத்தில் பல்பல்லாகக் கோத்துக்கொள்கின்றன, தூண்களில் கயிறுபோல முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன. உச்சியில் மாதுளம்பழ வடிவில் குவிமாடங்கள். போதாதென்று ஒரு மணிக்கூண்டு. கண்ணுக்கு ஓய்வே இல்லை. கோலாலம்பூரின் ஜாமெக் பள்ளியும் 1909இல் திறக்கப்பட்டதுதான், அதிலும் இதே சிவப்பு வெள்ளை வரிகள்தான். அதை வரைந்த ஆங்கிலேயர் ஹப்பேக், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். ஆற்றங்கரையில் அது அளவோடு, அழகாக நிற்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தது நம்முடையதுதான். கடைக்காரர் இருக்கிற புடவையெல்லாம் விரித்துக் காட்டுகிற மாதிரி, தெரிந்ததையெல்லாம் விரித்து வைத்திருக்கிறார் சாய்பு லெப்பை.

இவ்வளவு வரி எதற்கு என்பதற்கு எனக்குத் தோன்றுகிற பதில் கடல். அந்தக் காலத்தில் கொழும்பை நெருங்கும் கப்பல்காரர்கள் இந்தக் கட்டடத்தை வைத்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள் என்பார்கள். தூரத்துக் கண்ணுக்கு இந்த அழுத்தம் வேண்டும். இன்று கடலை மற்றக் கட்டடங்கள் மறைத்துவிட்டன. மைல் கணக்கில் தள்ளி நின்று பார்க்க வேண்டியதைப் பத்தடி தெருவில் கழுத்தை ஒடித்துப் பார்க்கிறோம்.

ஆகவே கடைகள் பூட்டியிருக்கும் பௌர்ணமிப் போயா நாளில் காலையிலேயே போங்கள். எதிர்வாடைக் கடைப்படியில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். தொழுகை இல்லாத நேரமாக, அடக்கமான உடையில், பெண்கள் தலையை மூடிக்கொண்டு, கேட்டுவிட்டு உள்ளேயும் போகலாம். 1975க்குப் பிறகு பக்கத்து மனைகளை வாங்கி விரித்த பகுதியில் ஆயிரக்கணக்கானோர் தொழலாம். ஆனால் பழைய முகப்பின் துடுக்கு அதில் இல்லை.

பிறகு நடக்கலாம். வேலை நாளென்றால் நாலாம் குறுக்குத் தெருவின் செத்தல் மிளகாய் மூக்கைப் பிடிக்கும். வெங்காய லொறிகளுக்கிடையே நுழைந்துதான் வெளியேற வேண்டும். செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடி வேல் விழாவுக்கு இங்கிருந்துதான் தேர் புறப்படுகிறது.

இன்னும் கொஞ்சம் மேட்டில் ஏறினால் ஒல்லாந்தர் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஏது ஓநாய்? நரியைப் பார்த்து மருண்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சென்ற முறை அந்த மேட்டில் நின்று பள்ளியின் குவிமாடங்களைத் தேடினேன். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிகளும்தான் தெரிந்தன. மறுபடி இரண்டாம் குறுக்குத் தெருவுக்கே இறங்கிப் போனேன்.