கோணியும் கவிதையும்

(ஏற்காட்டில் இளம் படைப்பாளிகள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எப்படி எழுதுறதுன்னு சொல்லக் கூப்பிட்டிருக்கீங்க. நான் வாத்தியார் இல்லை, வங்கி குமாஸ்தா. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

இந்த மலையில் பிறந்தவன் நான். கல்லூரிக் காலத்தில் எழுதின கவிதை எல்லாம் பனி, ஏரி, படகு, காதலி. அப்போ அம்மா தோட்டத்துல காப்பிப் பழம் பறிச்சிட்டிருந்தது. அதே பனியில, தலைக்குக் கோணியைப் போட்டுக்கிட்டுதான் வேலைக்குப் போகும். என் கவிதையில் அந்தக் கோணி வரவே இல்லை. சுற்றுலா வந்தவன் கண்ணால்தான் என் மலையை நான் பார்த்திருக்கேன்.

1820வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பி கொண்டுவந்தார்னு வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்கு. குழி வெட்டினவன், பழம் பறிச்சவள் பேர் எதில் இருக்கு? அந்த வெற்றிடத்தில்தான் நாம எழுதணும்.

முதல்ல, சொல். ஒரு கதையில் ‘உணவருந்தினாள்’ என்று எழுதினேன். எங்க வீட்டில் யாரும் உணவருந்தினதில்லை, கஞ்சி குடிச்சோம். திருத்தி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ‘மொழி கொச்சை’ன்னு திரும்பி வந்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. முழுக்கத் தன் சனங்களின் பேச்சில் எழுதியிருந்தார். சொந்த ஊர்க்காரங்களே கோபப்பட்டு, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியலை. 2000இல் அதே புத்தகம் ஆங்கிலத்துக்குப் போனது. கொச்சைன்னு சொல்றவன் நம்ம மொழியைச் சொல்லலை, நம்மளைச் சொல்றான்.

ரெண்டாவது, ‘கொடுமை’, ‘வேதனை’ன்னு எழுதினா அதை அடிச்சுடுங்க. கூலியைக் கையில கொடுத்தானா, தூக்கிப் போட்டானா? அதை எழுதுங்க. அந்த ஒரு சாண் இடைவெளியில் சாதி முழுசா நிக்குது. நம்ம சனங்க சிரிக்கிறதையும் எழுதுங்க. அழுதுகிட்டே மட்டும் யாரும் வாழலை.

மூணாவது, நேரம். ‘வேலைக்குப் போறேன், எங்க எழுதுறது?’ன்னு கேக்குறீங்க. சேலத்துக்கு இறங்குற பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு. கையில் எழுத முடியாது. ஒரு வரியை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. அடிவாரம் வரைக்கும் தங்கினா அது வரி. இறங்கினதும் கிடைச்ச தாளில் எழுதி வையுங்க. தினம் அரைமணி போதும், விடக்கூடாது.

‘எழுதி என்ன ஆகப்போகுது, யாரு போடுவா?’ இது எனக்கும் வர்ற சோர்வுதான். அப்போ அயோத்திதாசரை நினைச்சுக்குவேன். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி 1914இல் சாகும்வரை வாராவாரம் நடத்தினார். அப்புறம் அவரை மறைச்சே வைச்சாங்க. 1999இல் ஞான அலாய்சியஸ் அவர் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்டார். இடையில 85 வருஷம். தாளில் இருந்ததால்தான் திரும்பி வந்தார். எழுதாம விட்டிருந்தா எதைத் தேடி எடுத்திருப்போம்?

கடைசியா ஒண்ணு. எழுதினதை முதல்ல வீட்டில் படிச்சுக் காட்டுங்க. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கோணியைப் பற்றி ஒரு கவிதை எழுதிப் படிச்சேன். கேட்டுட்டு, “நனைஞ்ச கோணி என்ன கனம் கனக்கும்னு சொல்லலியேடா” என்றது.

எந்த விமர்சகரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அந்த வரியை இன்னும் எழுதிக்கிட்டிருக்கேன்.