அஞ்சுமிடம் மறந்த எலி



ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு எலியின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரவில் லயத்துக் காம்பராவில் விளக்கேற்றியதும் அது பாய்ந்தோடும். பொறியில் வால் நசுங்கித் தப்பிய எலியோ மீண்டும் அப்பொறியை அண்ட எளிதில் துணியாது. விளக்கைக் கண்டு ஓடுவது, ஒன்றைச் செய்து தப்பும் அறிவு. பொறியை அண்டாதிருப்பது, செய்யாதிருந்து தப்பும் அறிவு. இவ்விரண்டும் ஒன்றுதானா? இக்கேள்விக்கு ஆய்வுக்கூடத்து எலிகள் அளித்த விடையே இன்றைய நம் பேச்சின் பொருள்.

மூளையின் இரு பக்கத்திலும், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக, கடற்குதிரையின் வடிவை ஒத்த ஒரு பகுதி உண்டு. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். 1958ஆம் ஆண்டில் டோரீன் கிமுரா என்னும் அம்மையார், இப்பகுதி சேதமுற்ற எலிகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார். உணவு இருந்த இடத்திலேயே எலிக்கு மின்னதிர்ச்சி நேர்ந்தது. குறையற்ற எலி அவ்விடத்தை அணுகத் தயங்கியது. சேதமுற்ற எலியோ அத்தயக்கமின்றி மீண்டும் அங்கே சென்றது.

அப்படியாயின் அந்த எலி முழு மூடமாகிவிட்டதா? இல்லை. 1961இல் ஐசக்சனும் அவருடைய தோழர்களும் வேறொரு சோதனையை விவரித்தனர். இரண்டு அறைகள் கொண்ட பெட்டி, அபாயக் குறிப்பு வந்ததும் எலி அடுத்த அறைக்குத் தாவவேண்டும், தாவாவிட்டால் அதிர்ச்சி. இப்பாடத்தை ஹிப்போகாம்பஸ் அகற்றப்பட்ட எலிகள் மற்றவற்றைவிட விரைவாகவே கற்றன! காரணம் என்ன? தாவிச் செல்லும் அறையும் சற்று முன்னர் அடிபட்ட அறையே. நல்ல எலி அதை எண்ணித் தயங்குகிறது. சேதமுற்ற எலிக்கு அத்தயக்கமில்லை என்பது அறிஞர் தந்த விளக்கங்களுள் ஒன்று.

1992இல் கிம், ஃபான்சலோ ஆகிய இருவர் இதனை மேலும் தெளிவாக்கினர். ஓரிடத்தில் ஓர் ஒலியைக் கேட்பித்து, உடனே அதிர்ச்சியும் தந்தனர். மறுநாளே ஹிப்போகாம்பஸைச் சேதப்படுத்தியபோது, எலி அவ்வொலிக்கு அஞ்சிற்று, அவ்விடத்திற்கு அஞ்சவில்லை. ஆனால் 28 நாள் கழித்துச் சேதப்படுத்தியபோது, இடத்தைப் பற்றிய அச்சமும் பெரும்பாலும் எஞ்சிநின்றது. எனவே அழிந்தது அச்சமன்று. எங்கே அஞ்சவேண்டும் என்னும் அண்மைக்கால நினைவே.

மனிதரிடமும் இதன் சாயலைக் காண்கிறோம். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பு நோய் தீர்க்கும் பொருட்டு இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அதன் சுற்றுப்புறமும் அகற்றப்பட்டன. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆயினும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது. முன்பு வரைந்ததை மட்டும் அவர் அறியார்.

எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றுவது தகாது. எனினும் முதுமையில் வரும் அல்சைமர் நோய் முதன்முதலாகத் தாக்கும் இடங்களுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

ஆண்டுக்கணக்காய்க் கொழுந்து கொய்து ஓய்ந்த ஒரு மூதாட்டியை எண்ணிப்பாருங்கள். நேற்றுச் சுட்ட அடுப்பில் இன்றும் கை வைக்கிறார். அந்தி சாய்ந்தபின், தாம் என்றோ கொழுந்தெடுத்த மலைக்குப் புறப்பட்டுவிடுகிறார். “எத்தனை தரம் சொல்வது? வேண்டுமென்றே செய்கிறீர்கள்!” என்று வீட்டார் சினக்கின்றனர். நேயர்களே, அது பிடிவாதமாய் இராது. சொன்ன சொல் தங்கும் இடமே பழுதுற்றிருக்கலாம்.

ஆகவே நேற்றைய எச்சரிக்கையை நம்பி இராதீர்கள். அபாயம் உள்ள இடத்திலேயே, அந்த நேரத்திலேயே நினைவூட்டுங்கள். கதவிலே ஒரு மணியைக் கட்டுங்கள். அடுப்பருகே ஒருவர் துணை நில்லுங்கள். தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மறதிக்குத் தீர்க்கக்கூடிய காரணங்களும் உண்டு.

மறந்தவரைக் கடிந்துகொள்வதால் நினைவு திரும்புவதில்லை. நாம் அவருக்கு நினைவாக இருப்பதே அறம்.