உட்காருவது குற்றமா?

ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு முதுகுவலியென்றால், முதலாளி “சோம்பல்” என்கிறார்; வீட்டிலோ “தலைவிதி” என்கிறார்கள். அந்த விதியானது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதுகை மட்டும் தொடாமல் போவானேன் என்று கேட்கின்றோம்.

காலிலுள்ள இரத்தம் மேலேறுவதற்குக் கெண்டைச்சதை அசைந்து கொடுக்க வேண்டும். அசையாமல் நின்றால் இரத்தம் தேங்கும், கால் வீங்கும், நரம்பு புடைத்துச் சுருளும். இதில் பூர்வஜென்மத்திற்கு என்ன வேலை?

கேரளத்தில் 2018-லும், நமது தமிழ்நாட்டில் 2021-லும் கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் போடவேண்டுமென்று சட்டத்தைத் திருத்தினார்கள். நான்கு மணி வேலைக்கு மேல் ஒரு மணி ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாதென்று 1947-ஆம் வருஷத்துக் கடைச் சட்டம் முன்னமே சொல்லிற்று. ஆனால் தீராத வலிக்காரருக்கு இது போதுமா? அவருக்கு மணிக்கொருதரம் ஐந்து நிமிஷம் வேண்டியிருக்கலாம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, நியாயமான வசதி செய்துதர வேண்டிய கடமையைச் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கே நேராக விதித்தது. ஜவுளிக்கடை சர்க்காருடையதா?

கண்ணுக்குத் தெரியாத வலியை எப்படி நம்புவதென்கிற முதலாளிமார், கண்ணுக்குத் தெரியாத சாமிக்கு முதல் போணிக் காசை எடுத்து வைக்கத் தவறுவதேயில்லை!

அடுத்த முறை துணி வாங்கப் போகும் தோழர்கள், “அந்தம்மாள் சற்று உட்காரட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்” என்று முதலாளி காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள்.