தோட்டத்துப் பெண்களும் தாதியர் பயிற்சியும்
(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிணியாளர்க்குப் பணி செய்தல் பெரும் புண்ணியம் என்பது நாம் யாவரும் அறிந்ததே. அப்புண்ணியத்தோடு கௌரவமான ஊதியமும் சேருமாயின், அதனை நம் தோட்டத்துப் பெண்கள் ஏன் நாடலாகாது? இதுபற்றியே இன்று நாம் பேசப் புகுகின்றோம்.

லயத்தில் நோய் கண்டால் முதலில் ஓடுவது தோட்ட டிஸ்பென்சரிக்கே. தொழிலாளரின் வைத்திய வசதியை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் தோட்டங்களின் பொறுப்பாக்கியது. அங்கே காயம் கழுவவும், பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பேணவும் நம் பெண்கள் நின்றனர். ஆனால் தாதிப் பதவியோ எட்டாக்கனி. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரசாவுரிமை இல்லாதார்க்கு அரசாங்க உத்தியோகம் ஏது? படிப்படியாக வந்த மாற்றங்களும், முடிவில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தடையை நீக்கின.

தேவையோ பெரிது. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் எழுந்த 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. கட்டடம் எழுந்தால் மட்டும் போதுமா? தமிழ் மட்டுமே அறிந்த தாயொருத்தி தன் வலியை எடுத்துச் சொல்ல, அவள் மொழி அறிந்த தாதி அருகில் வேண்டாமா?

வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் வழி. வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, மாதப்படி கொடுத்து, மூன்றாண்டு பயிற்றி, அரசாங்க வைத்தியசாலைகளில் நியமிக்கின்றனர். இதற்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துச் சித்தியெய்த வேண்டும். பல தோட்டப் பாடசாலைகளில் அவ்வகுப்பே இல்லை என்பதுதான் நம் முதற் குறை.

மற்றையது, கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகளின் வழி. அவற்றுட் சில, தாமே பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. வேறு சில உதவியாளராகச் சேர்த்து வேலை பழக்குகின்றன. இங்கேதான் நம் பெண்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். வெள்ளைச் சீருடை அணிந்தோர் எல்லாரும் தாதியர் அல்லர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபையிற் பதிவு பெற்றால்தான் அத்தொழிலில் உயர்வுண்டு.

ஆகையால், ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இச்சான்றிதழைத் தாதியர் சபை ஏற்குமா? பயிற்சிக்குப் பின் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும்? இடையில் விலகினால் எவ்வளவு பணம் கட்ட வேண்டும், பிணை நின்ற தகப்பனாரிடம் அதனைக் கேட்பார்களா? விடைகளை வாய்மொழியாக அன்றி எழுத்திற் பெறுதலே நன்று.

உதவியாளராய்ச் சேர்ந்தவள் என்றும் உதவியாளராகவே இருக்க வேண்டுமென்பது விதியன்று. இங்கிலாந்திலே வேலையிலுள்ள உதவியாளரை வைத்தியசாலையே சம்பளத்தோடு படிக்க வைக்கும் முறை உண்டு. உதவியாளர்க்கும் தாதியர்க்கும் இடைப்பட்ட பதவி ஒன்றை அங்கு உண்டாக்கி, 2019 முதல் பதிவும் செய்து வருகின்றனர். அத்தகைய ஏணியை நம் தோட்டக் கம்பெனிகளிடமும் வைத்தியசாலைகளிடமும் நாம் கேட்டல் நியாயமே.

வாலிபர்களே, உங்கள் கடமை யாது? வர்த்தமானி அறிவித்தலை லயந்தோறும் எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் விளக்குங்கள். மாலை நேரத்தில் விஞ்ஞான வகுப்பு நடத்துங்கள். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள், பதிவு பெற்ற தாதியாய் நம் மலைக்கே திரும்பி வருவாளாயின், அதுவே நம் சங்கத்திற்குப் பெருமை.