கட்டைவிரல் ரேகையும் செல்போன் நம்பரும்

(கும்பகோணத்தை அடுத்த கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



தலைவர் அவர்கள் நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், கடைக்காரன் நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்துக் கொள்ளலாம் என்பதாகும். இது பட்டணத்துச் சங்கதியாயிற்றே, உழுகிறவனுக்கு இதில் என்ன என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த வித்தை நம் காவேரிக் கரையில் வெகுநாளாய் நடந்து வருவதுதான்.

வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். எங்கு திரும்பினாலும் நாடி ஜோசியப் பலகை. உள்ளே போனால் ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை வாங்குகிறார்கள். பிறகு ஓலைக்கட்டைப் பிரித்து, "தகப்பனார் பெயர் இன்ன எழுத்தில் தொடங்குமா? உடன்பிறந்தவர் இருவரா?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்கிறார்கள். நாம் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறோம். கடைசியில் நாம் சொன்னதையே சேர்த்து ராகம் போட்டுப் படித்ததும், "அடடா, ரிஷி எழுதி வைத்திருக்கிறாரே!" என்று வாய் பிளக்கிறோம். அதோடு விட்டார்களா? 13-ஆம் காண்டம் சாந்தி, 14-ஆம் காண்டம் தீட்சை. பெண்ணுக்கு வரன் அமையாதவனுக்கு ஒரு பரிகாரம், கடனில் இருப்பவனுக்கு வேறொன்று! அவரவர் கவலைக்கு அளவெடுத்துத் தைத்த செலவு.

நிற்க. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர் முதலில் கேட்பது பணத்தையல்ல, செல்போன் நம்பரை. ஒரு தீபாவளிக்கு நாமும் யோசியாமல் சொல்லிவிட்டோம். பிறகு நகைச்சீட்டு, வீட்டுமனை, கடன் என்று ஓயாத அழைப்பு. ஒருவர் நம் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். (அந்தக் கடையிலிருந்துதான் நம்பர் போயிற்று என்று நம்மால் ருசுப்படுத்த முடியாது. அப்படி முடியாமலிருப்பதுதான் இதிலுள்ள சௌகரியம், நமக்கல்ல!) மருந்துக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றிலும் அதே நம்பரைக் கொடுத்தால், பேரேடுகளைச் சேர்க்கிறவனுக்கு வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி, நடவுக்குக் காசில்லாத மாதம் எது, அறுவடைப் பணம் வரும் மாதம் எது என்பதெல்லாம் தெரிந்துபோகும். காசில்லாத மாதத்தில் கடன் விளம்பரமும், தையில் நகை விளம்பரமும் வருவதற்கு ரிஷி எதற்கு?

"தள்ளுபடி தருகிறானே" என்கிறார்கள். எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுப்பவரை நாம் தடுக்கவில்லை. தெரியாமல் பறிப்பதைத்தான் அக்கிரமம் என்கிறோம்.

சட்டமும் இப்போது நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 9 பேரும் ஒருமித்துச் சொன்னார்கள். நம்பர் கொடுத்தே தீரவேண்டுமென்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாதென்று மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா 2023 மே மாதத்தில் அறிவுறுத்திற்று. அவ்வருஷமே தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன்படி சம்மதச் சீட்டைத் தமிழிலேயே கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவு சுலபமாகவே திரும்பப் பெறலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. சம்மதம் பற்றிய பகுதிக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. முதலாளிகளுக்கு அவசரமில்லை போலும்!

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. "நம்பர் இல்லாமல் பில் வராதா?" என்று கேட்டால் போதும். சென்ற வாரம் ஒரு கடையில் கேட்டோம். பில் போடுகிற பிள்ளை சற்று விழித்துவிட்டு, பத்து சைபரைத் தட்டி, பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டது.